பாட்டு காத்த சொல், கதை காத்த பொருள்

எழுத்து இல்லாத நாட்டுக்கு வரலாறும் இல்லை என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். நம்பியதோடு நில்லாமல் உலகுக்கும் அதனைக் கற்பித்தனர். 1963-ஆம் ஆண்டிலேகூட, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் நிகழ்த்திய வரலாறு உண்டேயன்றி, ஆப்பிரிக்கரின் வரலாறு என்று கற்பிக்க எதுவும் இல்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அவர் அவ்வாறு பேசுவதற்கு மூன்றாண்டு முன்னரே, 1960-இல், பாரிசு நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்துவிட்டது. கினி நாட்டினரான ஜிப்ரில் தம்சிர் நியான் என்னும் இளம் வரலாற்றாசிரியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய சுந்தியாட்டா வரலாறே அது. 1965-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபின் உலகெங்கும் கல்லூரிகளில் பாடமாயிற்று. ஆப்பிரிக்காவின் பழமையை அறிய விழைவோர் இன்றும் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் அந்நூலையே.

நூலின் பொருள், 13-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் வாழ்வு. அதனை நியான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. சிகிரி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மாமடு குயாத்தே என்பவர் வாயிலாகக் கேட்டு எழுதினார். குயாத்தே, ஜெலி குடியினர். அரசர்தம் கொடிவழியை நினைவில் வைத்திருப்பதும், அவையில் அதனைப் பாடுவதும், இரு குடிகள் பகைத்தால் இடைநின்று பேசுவதும் ஜெலியரின் பிறப்புரிமை, கடமையும் அதுவே. பிரெஞ்சுக்காரர் இவர்களைக் கிரியோ என்றனர். இத்தகையோரை ஊர்சுற்றிப் பாடும் இரவலர் என்று ஒதுக்கிய காலத்தில், 'இவரே என் ஆசிரியர். இவர் சொல்லே என் சான்று' என்னும் நிலையில் நின்று ஒரு வரலாற்றாசிரியர் நூல் செய்தார் என்பது சிறிய செயலன்று. 2021-இல் மறைந்த நியான், அந்த ஒரு நூலுக்காகவே நினைக்கப்படுவார்.

ஆயினும் அந்நூலைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அதில் பாட்டு மிகக் குறைவு.

கதை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கால் விளங்காத பிள்ளை, மகனால் கறிக்கு இலை பறித்துத் தர முடியவில்லையே என்று மாற்றாளிடம் இழிவுண்ட தாய் சோகோலோன், இரும்புக் கோலை ஊன்றி அப்பிள்ளை எழுந்து நிற்கும் நாள், நாடு கடந்து அலைந்த ஆண்டுகள், சோசோ நாட்டு மன்னன் சுமாவோரோவைக் கிரினாப் போரில் வென்று மீண்ட வெற்றி — இவை யாவும் நெஞ்சைப் பற்றும் வண்ணம் அமைந்துள்ளன. ஆனால் இவற்றைக் குயாத்தே எவ்வாறு சொன்னார்? எந்த இடத்தில் குரல் உயர்ந்தது, எங்கே இசை ஏறியது, எங்கே வெறும் பேச்சாயிற்று? நூலைப் பயில்வோர்க்கு அது தெரிய வழியில்லை. நியான் பெரும்பகுதியை ஒரே ஒழுக்கான உரைநடையாக்கிவிட்டார். ஐரோப்பியப் புதினம் படித்துப் பழகியவர் இடர்ப்படாமல் படிக்கலாம்; அந்த எளிமைக்குக் கொடுத்த விலைதான் பெரிது. நம் பரிபாடலை எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலான பாடல்களுக்குப் பாடியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பண் எவ்வாறு ஒலித்தது என்பதோ நமக்கு எட்டவில்லை. ஒலியை இழந்தோம் என்பதையாவது நம் ஏடு சொல்லி வைத்தது. நியானின் நூல் அதையும் சொல்லவில்லை.

இசையை இழந்தால் என்ன, செய்தி கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கே செய்தியும் இசையும் அவ்வாறு பிரிக்கத்தக்கன அல்ல. கோர்டன் இன்னசு என்னும் அறிஞர் காம்பியா நாட்டில் சுந்தியாட்டா கதையைப் பாடிய மூவரின் பாடங்களை, மூலமும் மொழிபெயர்ப்புமாக 1974-இல் வெளியிட்டார். நியான் மறைத்த ஒன்று அப்பதிப்பால் வெளிப்பட்டது. ஜெலியின் வாய்மொழி ஒரே நடையினது அன்று, மூன்று நடையினது. கதையைச் சொல்லும்போது அவர் பேசுகிறார். பெயர்களையும் புகழ்மொழிகளையும் கொடிவழியையும் எடுக்கும்போது, விரைந்த உயர்குரலில் ஓதுகிறார். சில இடங்களில் இசையோடு பாடுகிறார். பின்னால் 21 நரம்புள்ள கோரா யாழோ, மரச்சட்டங்களின் கீழ்ச் சுரைக்குடுக்கை கட்டிய பாலஃபோனோ இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கும்.

இம்மூன்று நடைகளும் பழமையை ஒரே அளவில் காப்பன அல்ல. பேச்சு, பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் ஏற்ப நெகிழும். இன்னசின் தொகுப்பில் பம்பா சூசோ அமைதியாகப் பெயர்களையும் உறவுகளையும் ஒழுங்குபடுத்திச் சொல்கிறார். பன்னா கனூத்தே போரும் மாயமுமாகக் கேட்போரைக் கிளர்ச்சியுறச் செய்கிறார். கதை ஒன்று, ஆள் இரண்டு, நிகழ்ச்சிகளும் வேறாகிவிடுகின்றன. ஆனால் ஓதும் பகுதியில் அத்தகைய உரிமை குறைவு. அங்கே வரும் சொற்களுட் சில மிகப் பழையன. பொருள் விளங்காதபோதும் அவை விடப்படுவதில்லை, மாற்றப்படுவதுமில்லை. ஓசை அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாக ஆராய்ந்த யான் வான்சினா என்னும் பெல்ஜிய அறிஞர் 1961-இல் வெளியிட்ட நூலில், சொல் மாறாது காக்கப்படும் வடிவம், சொல்வோன் விருப்புக்கு நெகிழும் வடிவம் என்று வகைப்படுத்தியதும் இதனையொட்டியதே. எனவே இசையையும் நடைவேறுபாட்டையும் நீக்கிவிட்டு ஜெலியின் உரையைத் தருபவர், எது உறுதியான கல், எது அன்றன்று பூசிய சாந்து என்று பிரித்தறியும் கருவியையே நீக்கித் தருகிறார்.

ஜெலியரின் பாட்டு, பின்னாளில் புனைந்துகொண்ட பழமையன்று என்பதற்கு அயலார் சான்றும் உண்டு. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பட்டூட்டா 1352-53-இல் மாலி அரசவையைக் கண்டார். மன்னன்முன் புலவர்கள் இறகுகளால் ஆன பறவைக் கோலம் பூண்டு, சிவந்த அலகுடைய மரத்தலை வைத்து நின்று, முன்னோர் இருந்த இருக்கையில் நீ இருக்கிறாய், அவர்போல நற்செயல் செய்க என்று அறிவுறுத்திய காட்சியை எழுதி வைத்தார். அக்கோலம் அவருக்கு நகைப்பை ஊட்டியது. ஆனாலும் அது தொன்றுதொட்ட வழக்கம் என்று கேட்டறிந்து குறித்தார். சுரைக்குடுக்கை கட்டிய இசைக்கருவியையும் குறிப்பிடுகிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் இபின் கல்தூன் எழுதிய வரலாற்றில், சோசோவை வென்று 25 ஆண்டு ஆண்ட மாரி ஜாத்தா என்னும் மன்னன் இடம்பெறுகிறான். பாட்டின் தலைவனும் ஏட்டின் மன்னனும் ஒருவனே. எழுத்தே இல்லாத கண்டம் என்னும் கூற்றும் பிழை என்பது இதனாலேயே தெளிவு. அரபு ஏடுகள் அங்கே எழுதப்பட்டன, பயிலவும்பட்டன.

இனி, ஜெலியின் சொல்லை எந்த அளவு நம்புவது? இதற்கு விடை வெளியே தேடவேண்டியதில்லை; கதைக்குள்ளேயே உள்ளது. சுந்தியாட்டாவுக்கு உரிய ஜெலி பல்லா ஃபாசேக்கே, பகைவன் சுமாவோரோவின் அரண்மனையில் சிறைப்படுகிறான். ஒருநாள் மன்னன் இல்லாதபோது மறைவறையில் புகுந்து, அவன் ஒருவனே தொடத்தக்க பாலஃபோனை எடுத்து வாசிக்கிறான். மன்னன் சினத்தோடு திரும்பி வருகிறான். சாவு எதிரில் நிற்கிறது. அந்நொடியே ஜெலி, வாசித்த கையை நிறுத்தாமல், அப்பகைவனையே புகழ்ந்து ஒரு பாட்டைக் கட்டுகிறான். சினம் தணிந்த மன்னன் அவனைத் தன் ஜெலியாக்கிக்கொள்கிறான். இக்காட்சியைப் பலரும் இசையின் வெற்றி என்று பாராட்டுவர். எனக்கோ இது, அக்கலையினர் தம்மைப் பற்றித் தாமே கொடுத்துக்கொண்ட வாக்குமூலம் என்றே தோன்றுகிறது. உயிருக்கும் உணவுக்கும் புகழ்பாட வல்ல நா அது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அந்தப் பாலஃபோன் என்று போற்றப்படும் கருவி, கினி நாட்டு நியாகசோலா ஊரில் குயாத்தே குடியினர் காவலில் இன்றும் உள்ளது. யுனெஸ்கோ அதன் மரபை 2001-இல் மானுடச் செல்வமாக அறிவித்தது. அதைக் காப்பவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே காக்கிறார்கள் என்பது கருதத்தக்கது.

மாலி நாட்டுப் பேரறிஞர் அமாடு ஹம்பாத்தே பா, ஜெலியருக்கு இரு நாக்கு வைத்துக்கொள்ள மரபே இசைவு தந்துள்ளது என்று எழுதினார். பொய் சொல்லக்கூடாது என்னும் கட்டுப்பாடு வேறொரு வகையினரான மரபறிஞர்க்கே உண்டு என்பது அவர் கொள்கை. முதியவர் ஒருவர் இறப்பதை நூலகம் ஒன்று எரிவதற்கு அவர் ஒப்பிட்ட பேச்சு உலகப் புகழ் பெற்றது. அவர்பால் எனக்குள்ள மதிப்புக் குறைவன்று. ஆயினும் அவ்வுவமை முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நூலகத்து நூல், எடுப்பார் யாரென்று பாராது. எல்லார்க்கும் ஒரே எழுத்தையே காட்டும். முதியவர் அப்படியல்லர். கேட்பவர் முகம் பார்த்தே வாய் திறப்பார்.

அதன் விளைவு என்னவாகும் என்பதற்கு அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' சான்று. அமெரிக்கக் கறுப்பரான ஹேலி, தம் பாட்டிமார் சொன்ன குடும்பக் கதையைப் பற்றிக்கொண்டு, காம்பியாவில் ஜுஃபூரே என்னும் சிற்றூர் வரை சென்றார். அங்கே ஒரு முதியவர், குன்டா கின்டே என்னும் இளைஞன் மரம் வெட்டச் சென்று மீளாத செய்தியைக் கொடிவழியோடு கூறினார். 1976-இல் வெளிவந்த அந்நூலும், மறு ஆண்டு வந்த தொலைக்காட்சித் தொடரும் அடிமைப்பட்ட ஓர் இனத்தையே நிமிர்ந்து உட்காரச் செய்தன. ஆனால் டொனால்டு ரைட் என்னும் வரலாற்றாசிரியர் அவ்வூர்ப் பகுதியில் ஆராய்ந்து 1981-இல் எழுதிய கட்டுரை, அம்முதியவர் வழிவழிப் பயிற்சி பெற்ற ஜெலி அல்லர் என்றும், ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அங்கே முன்னரே தெரிந்திருந்தது என்றும் காட்டியது. இதனால் ஹேலியை ஏளனம் செய்வோர் உண்டு. நான் அவ்வாறு செய்யேன். இருநூறு ஆண்டுத் தாகத்தோடு வந்து நின்றவனுக்கு ஒரு குவளை நீர் கொடுத்தனர். கிணறு எது என்று அவன் கேட்கவில்லை. ஆனால் வரலாறு என்று கற்பிக்கும்போது ஆசிரியர் கேட்டேயாக வேண்டும். ஜுஃபூரேயில் அவருக்குக் கிடைத்தது முழுதும் கதை. நெகிழாத வடிவம் ஒன்றேனும் அதனோடு கட்டப்பட்டிருந்தால், ஒப்பிட்டு நோக்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அத்தகைய பிடி கிடைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரசன் பெயரோ போரோ அதில் இல்லை, ஜெலியும் இல்லை. பெண்கள் சிலரும், சில அடிகளே கொண்ட ஒரு பாட்டும்தான்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரைத் தீவுகளிலும் கரையோரங்களிலும் வாழும் கறுப்பின மக்களுக்குக் கல்லா என்று ஒரு பேச்சுமொழி உண்டு. பெயரைத் தமிழ்க் காதால் கேட்டால் படிக்காதவர் மொழி என்று படும். அக்கால அமெரிக்க அறிஞர் பலர் கருதியதும் ஏறத்தாழ அதுவே. சிதைந்த ஆங்கிலம் என்று அதைத் தள்ளினர். லோரென்சோ டவ் டர்னர் என்னும் கறுப்பின மொழியறிஞர் ஒருவர் மட்டும், இம்மொழியில் ஆப்பிரிக்கச் சொற்கள் உள்ளன என்று கருதி, 1930-களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்றார். ஜார்ஜியா மாநிலத்து ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி ஒரு பாட்டைப் பாடினார். பாடியவருக்கே பொருள் தெரியாது. தாய்வழி வந்த பாட்டு என்பது மட்டும் தெரியும். சியரா லியோனிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அதைக் கேட்டு, இது என் நாட்டு மெண்டே மொழி என்று இனங்கண்டார். டர்னர் 1949-இல் வெளியிட்ட நூலில் அப்பாட்டு மொழிபெயர்ப்போடு இடம்பெற்றது. அடிமைப்பட்டோர் வழியினரிடம் ஆப்பிரிக்க மொழியில் எஞ்சிய பாட்டுகளுள் இவ்வளவு நீண்டது அரிது.

அடிமை வணிகர்கள் சியரா லியோன் ஆற்று முகத்தில் பன்சு தீவு என்னுமிடத்தில் கோட்டை கட்டி, அங்கிருந்து மக்களைத் தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஏற்றினர். அக்கரையோரத்தார் நெல் பயிரிடக் கைதேர்ந்தவர்கள். அமெரிக்க நெல்வயல் முதலாளிகள் அவர்களை விரும்பி வாங்கியதற்கு அதுவும் காரணம். ஆண்டையின் ஏட்டில் அவர்கள் எண்ணாகவும் விலையாகவும் இருந்தனர். ஊர்ப்பெயர் அதில் இல்லை. அந்த ஊர்ப்பெயரைத்தான் இந்தப் பாட்டு சுமந்து வந்திருந்தது. ஆனால் அது யாருக்கும் தெரியவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின், மானிடவியல் அறிஞர் ஜோசப் ஒபாலாவும் இசையறிஞர் சிந்தியா ஷ்மிட்டும், சியரா லியோனிய மொழியறிஞர் தாசீப் கொரோமாவின் துணையோடு அப்பாட்டின் பிறப்பிடத்தைத் தேடினர். பாட்டிலுள்ள ஒரு சொல், மெண்டே மொழியின் தென்பகுதி வழக்குக்கே உரியது என்று கொரோமா கண்டார். ஒரு சொல்! வட்டார வழக்குச் சொல்லைப் பிழையெனத் திருத்தும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு வேரூன்றியது என்பதை ஆசிரியர்கள் அறிவர். கடல் கடந்த பெண்களுள் யாரேனும் ஒருத்தி அச்சொல்லைத் திருத்தியிருந்தால் வழி அங்கேயே அடைபட்டிருக்கும். பொருள் அறியாததால் திருத்தவும் அறியவில்லை; அதனால் சொல் பிழைத்தது.

அவ்வழக்குள்ள பகுதியில் ஊர் ஊராகப் பாட்டை ஒலிக்கச் செய்து கேட்டனர். செனேஹுன் எங்கோலா என்னும் தொலைவிடச் சிற்றூரில் பெண்டு ஜபாத்தி என்னும் பெண், ஒலிப்பதிவைக் கேட்டதும் தானும் சேர்ந்து பாடினார். அது இறந்தோரை அடக்கம் செய்யும்போது பெண்கள் பாடும் பாட்டு. அந்தச் சடங்கே அங்கு வழக்கொழிந்துவிட்டது. சடங்கு போனபின் பாட்டுக்கும் இடமில்லாமற் போயிற்று. ஆனால் பெண்டுவின் பாட்டி அதை விடவில்லை. பேத்திக்குக் கற்றுக்கொடுத்தபோது ஒரு கதையையும் சேர்த்துக் கொடுத்தாள்: நம் உறவினர் எங்கோ கொண்டுபோகப்பட்டனர், ஒருநாள் வருவார்கள், இந்தப் பாட்டால் அவர்களை அறிந்துகொள்வாய் என்னும் கருத்தினது அக்கதை.

கடலின் இரு கரையிலும் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜார்ஜியாவில் பொருள் மறைந்தது. ஓசையும் சொல்லும் நின்றன. அமீலியாவின் மகள் மேரி மோரன், தாயிடம் அதனைச் சிறுவர் ஆடிப்பாடும் பாட்டாகவே கற்றிருந்தார். புதைகுழி ஓரத்தில் பாடிய பாட்டு அடுப்பங்கரைக்கும் குழந்தைகள் ஆட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் அதன் சொற்கள் சிதறிவிடவில்லை. மெண்டே நாட்டில் சடங்கு மறைந்தது, சொல்லும் மறைந்திருக்கும். பாட்டி சொன்ன கதை அதைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கரையில் பாட்டு சொல்லைக் காத்தது. மறு கரையில் கதை பொருளைக் காத்தது. ஒன்று இல்லையேல் மற்றொன்று ஊமை. ஹேலிக்குக் கிடைக்காத பிடி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. டர்னரின் ஒலித்தட்டு ஒரு கண்டத்தில் ஏற்கெனவே பதிந்து இருந்தது, பெண்டுவின் பாட்டு மற்றொரு கண்டத்தில் இருந்தது, இரண்டும் ஒத்தன.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜெலியர் அரசனையும் போரையும் நினைத்தனர். அது அவர்கள் தொழில். அரசர்க்குக் கொடிவழி வேண்டும். வளமுள்ள குடிக்குப் புகழ் வேண்டும். அடிமையாக விற்கப்பட்ட பெண்ணின் பெயரை எந்த ஜெலியும் ஓதவில்லை. அவளை நினைக்க அவையும் இல்லை, கோராவும் இல்லை. தாய் மகளுக்குச் சொல்லித்தந்த சில அடிகள் மட்டுமே இருந்தன. நியானின் நூலைப் பாடமாக வைப்போர், இந்தப் பாட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பேன். அவ்வாறு வைத்தால்தான் சுந்தியாட்டா காவியம் எவற்றைச் சொல்லாமல் விட்டது என்பது மாணவர்க்குப் புலப்படும்.

1997-இல் மேரி மோரன் தம் குடும்பத்தாருடன் செனேஹுன் எங்கோலாவுக்குச் சென்றார். சியரா லியோனில் 1991-இல் தொடங்கி 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் நடுக்காலம் அது. கைவிடப்பட்ட அந்தச் சடங்கை ஊரார் அவருக்காக மீண்டும் நடத்தினர். இரு பெண்களும் அப்பாட்டைப் பாடினர். 1998-இல் வெளிவந்த 'நீ அழும் மொழி' என்னும் பொருள்படும் பெயருடைய ஆவணப்படத்தில் அதைக் காணலாம். அப்படத்தின்மேல் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. அறிஞர்களின் தேட்டத்துக்குக் கொடுத்த இடத்தை, பெண்டுவின் பாட்டிக்கு இன்னும் சற்றே கொடுத்திருக்கலாம். தேடியவர்கள் சில ஆண்டு தேடினார்கள்; அவள் வாழ்நாள் முழுதும் காத்திருந்தாள்.

அமீலியா பாடிய ஹாரிஸ் நெக் ஊர் இன்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தளம் அமைப்பதற்காக 1942-இல் அமெரிக்க அரசு ஊரை எடுத்துக்கொண்டு மக்களை வெளியேற்றியது. போர் முடிந்தும் நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை. 1962 முதல் அது வனவுயிர்ப் புகலிடம். அமீலியாவின் குரல் பதிந்த டர்னரின் ஒலித்தொகுப்பு, இந்தியானா பல்கலைக்கழகத்து மரபிசைக் காப்பகத்தில் உள்ளது.